அப்பு வெட்டின காடு

காய்ந்து வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் சிறுபோகத்துக்கு முதல் தண்ணீர் வரும்போது, தண்ணீருக்கு முன்னால் ஒரு மணம் வந்து சேரும். வட்டக்கச்சிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. களிமண், உக்கின சருகு, செத்த நண்டு, மாட்டுச் சாணம் எல்லாம் ஒன்றாக ஈரமாகிற மணம். தண்ணீர் மெல்லத்தான் வரும். நுனியில் நுரையையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் இறங்கி, அது நிரம்பின பிறகு ஓரடி நகரும். சிறுசுகள் நாங்கள் அதைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வருவோம். கனகாம்பிகை அம்பாளுக்குப் பொங்கிப் படைத்து, இரணைமடுவில் துருசு திறந்தது காலையில் என்றால், எங்கள் மதகடிக்கு அது வந்து சேரப் பின்னேரமாகிவிடும். ஆச்சி படலையடியில் நின்று, "தண்ணி எங்க மட்டும் வந்திட்டுது மோனை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பா. வந்ததும் குனிந்து ஒரு கை அள்ளி எங்கள் தலையில் தெளிப்பா. சேறும் சருகுமாக இருக்கும். அதற்குப் பிறகுதான் அன்றைக்குத் தேத்தண்ணி.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். கட்சன் வீதியில் இருந்தவர்களுக்கு ஒன்று, உருத்திரபுரம் எட்டாம் வாய்க்காலார், பத்தாம் வாய்க்காலாருக்கு இன்னொன்று. குடியேற்றத்துப் பிள்ளைகள் நாங்கள் ஊரின் பெயரைச் சொல்வதற்கு முன் வாய்க்காலின் இலக்கத்தைச் சொன்னவர்கள்.

எங்கள் அப்பு வலிகாமத்தான். ஆறு பரப்புச் செம்மண் தோட்டம், ஆறு சகோதரங்கள். ஆளுக்கு ஒரு பரப்பு. பதினாறு பரப்புச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். அந்தத் துண்டில் புகையிலை நட்டு, துலா மிதித்து, பிள்ளைகளைப் பெற்று, பெண் பிள்ளைக்குச் சீதனமும் கொடுப்பது எப்படி என்ற கணக்கு அவருக்கு ஒத்துவரவில்லை. இரணைமடுவோ 1902இல் வேலை தொடங்கி 1920 வாக்கில் கட்டி முடிந்த குளம். 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கின பிறகும் யாழ்ப்பாணத்தார் இலேசில் வரவில்லை. வன்னி என்றால் குலைப்பன் காய்ச்சல், யானை, பாம்பு. அங்கே போகிறவன் ஊரில் பிழைக்கத் தெரியாதவன். அப்பு 1940களின் கடைசியில் தனியாக வந்து கூலிக்கு நின்றார். 1950களில் பெர்மிட் கிடைத்தது. வயல் மூன்று ஏக்கர், மேட்டுக்காணி இரண்டு ஏக்கர். ஒரு பரப்புக்காரனுக்கு ஐந்து ஏக்கர். அந்தக் கடுதாசியை அவர் தகரப் பேணிக்குள் சுருட்டி வைத்து, பேணியை நெல் மூடைக்குள் ஒளித்து வைத்திருந்தார். வருடத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலன்று காலையில், அது வெளியே வரும். சந்தனம் தொட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடும்.

பெருமரங்களை அரசாங்கம் விழுத்திக் கொடுத்தது. வேரும் கட்டையும் முட்பற்றையும் வந்தவன் பாடு. முதிரை வேர் ஒன்றைக் கிளப்ப அலவாங்கும் கோடாலியுமாக இரண்டு நாள் போகும் என்பார் அப்பு. பகலில் வேர் கிளப்பி, இரவில் அதையே எரித்து, அந்த நெருப்பு வெளிச்சத்தில் யானைக்குக் காவல் இருந்தார்களாம். அவருடைய வலது கைப் பெருவிரல் நகம் கறுத்து இரண்டாகப் பிளந்திருக்கும். கோடாலிப் பிடி பட்டது. எங்களைத் தூக்கி மடியில் வைத்து அந்த நகத்தால் முதுகு சொறிந்துவிடுவார். அந்தச் சுகத்துக்காகவே காடு வெட்டின கதையைத் திரும்பத் திரும்பக் கேட்போம். கதையில் ஒவ்வொரு முறையும் ஒரு மரம் கூடும். ஆச்சி அடுப்படியில் இருந்து, "ஓமோம், தனிய நிண்டு வெட்டினவர்" என்பா. அந்தப் பகிடிக்குள் இருந்தது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

ஆச்சி வந்தது பெர்மிட் கிடைத்த பிறகு. யாழ்தேவி ஓடத் தொடங்கியிராத காலம். கடகத்தில் முருங்கைத் தடி, சாக்கில் பனங்கொட்டை, கறுத்தக்கொழும்பான் ஒட்டுக் கன்று ஒன்று, இடுப்பில் ஒரு பிள்ளை. ஆனையிறவு தாண்டும்போது உப்புக் காற்று முகத்தில் அடிக்க அழுதுவிட்டதாகச் சொல்லுவா. இடுப்பில் வந்த பிள்ளை இரண்டாம் மாரிக்கு இல்லை. டி.டி.ரி. அடிக்கிறவர்கள் வந்து போய்க் காய்ச்சல் குறைந்துவிட்டது என்று சொன்ன காலம்தான் அது. கொயினா கசக்கக் கசக்கக் கொடுத்தும் நிற்கவில்லை. மேட்டுக்காணியின் கிழக்கு மூலையில், இரண்டு கருங்கல் வைத்த இடத்தில், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சிட்டி விளக்கு எரியும். அதைப் பற்றி அப்பு எந்தக் கதையும் சொன்னதில்லை. பனங்கொட்டைகள் முளைத்து வடலியாகி, பிறகு அந்த விளக்குக்கு மறைப்பாக வளர்ந்துவிட்டன.

வயல் வேலை முழுவதும் ஆச்சியும் மாமிமாரும் பட்டது. ஆனாலும் அன்றைக்குப் பெர்மிட் காணியின் சட்டம் வேறு. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளரை எழுதி வைக்காமல் போனால் பிள்ளைகளுக்குள் மூத்த ஆணுக்குத்தான் முதலிடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பெண் பிள்ளைக்குச் சீதனமாக வீடு வளவு போகும். வன்னியில் அதே பெண் பிள்ளைக்கு ஒரு வரம்பும் போகவில்லை. பெரிய மாமிக்கு நாற்று நட்டு நட்டே இடுப்பு வளைந்தது. அவவுக்குக் கிடைத்தது வலிகாமத்தில் ஒரு பரப்பும், யானைமுடி மோதிரம் ஒன்றும்.

அந்த மோதிரத்துக்கும் ஒரு கதை உண்டு. காலபோகம் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டால் வீட்டு ஆண்கள் எல்லாரும் காவல் கொட்டிலில்தான். பரண் மேலே ஏறிப் படுத்தால் கீழே பந்தம் புகைந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு கொட்டிலில் இருந்தும் ஒவ்வொருவர் "ஓ...ஓ..." என்று கூப்பிட, அது வாய்க்கால் நீளத்துக்குக் கைமாறிப் போய்க் காட்டோரத்தில் அடங்கும். எனக்கு எட்டு வயதில் ஓர் இரவு அதற்கு அனுமதி கிடைத்தது. நித்திரை வரவில்லை. பனி கொட்டியது. நெல்லுப் பூவின் மணமும் மண்ணெண்ணெய் மணமும். விடியப்புறம் அப்பு என் வாயைப் பொத்தி இருட்டைக் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. கதிரைப் பிடுங்கி முழங்காலில் அடித்து மண் உதறுகிற சத்தம் மட்டும், சர்... சர்... என்று, அவசரமில்லாமல். அது சாப்பிட்டு முடித்துப் போகும் வரைக்கும் அவர் என் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. மனிதர் அன்றைக்குத் துவக்கைத் தொடாமல் இருந்ததற்குக் காரணம் நான்தானோ என்னவோ. வேறொரு வருடம் தொட்டிருக்கிறார். காயத்தோடு மூன்று நாள் நின்று, நாலாம் நாள் வாய்க்காலுக்குள் விழுந்து, தண்ணீரை மறித்துக்கொண்டு அது செத்தது. இழுத்து எடுக்க உழவு மெசின் கொண்டுவந்தார்கள். வாலில் இருந்து எடுத்த முடிதான் மோதிரமானது. ஊரே அப்புவைக் கொண்டாடியதாம். யானைகள் காலகாலமாகத் தண்ணிக்குப் போன தடத்துக்குக் குறுக்கேதான் நாங்கள் வரம்பு கட்டியிருந்தோம் என்பதை ஊரில் எல்லாரும் அறிவார்கள். அந்த வயலின் பெயரே யானைத்தடத்து வயல்.

தடம் என்றால், மாட்டுக்கும் ஒன்று இருந்தது. குடியேற்றம் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் சனங்கள் இருந்தார்கள். நாங்கள் படித்த கதையில் வன்னி வெறுங்காடு. ஆனால் கண்டாவளை, அக்கராயன், காட்டோரச் சின்னக் குளங்களுக்குக் கீழே ஐம்பது அறுபது குடி என்று பழைய ஊர்கள் எத்தனை. அங்கேயிருந்து ஒரு கிழவர் வருவார். தோளில் தேன் சுரைக்குடுவை, மடியில் மரை வத்தல். பதிலுக்கு அப்புவிடம் யாழ்ப்பாணப் புகையிலையும் பனாட்டும் வாங்கிப் போவார். காசு கைமாறி நான் கண்டதில்லை. எந்த மரத்தடியில் கிணறு வெட்டினால் உவர் இல்லை, எந்தக் காற்றுக்கு மழை, எந்த நாளில் நாள் விதைப்பு, இதெல்லாம் அப்பு அவரிடம் படித்தது. சூடு மிதிக்கிற களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்று சொல்ல வேண்டும், சத்தம் போட்டுச் சிரிக்கக்கூடாது, செருப்போடு உள்ளே வரக்கூடாது என்று எங்களைக் கண்டித்தவரும் அவரே. நிலா வெளிச்சத்தில் மாடுகள் சுற்ற, "பொலியோ பொலி" என்று அவர் இழுத்துப் பாடுவதைக் கேட்டபடி நாங்கள் வைக்கோலில் படுத்திருப்போம். வைக்கோல் சுணை இரவு முழுக்கக் கடிக்கும்.

அவருக்கு நூறு மாடு இருந்ததாம். தரவை எல்லாம் வயலானதும் மாடு மேய இடமில்லை. எங்கள் வேலிக்குள் வந்ததை அப்பு பட்டியில் அடைத்துக் குற்றப்பணம் வாங்கியிருக்கிறார். அப்படி வாங்கின காசில் ஒருமுறை எங்களுக்குத் தீபாவளிச் சட்டை வந்ததாக ஆச்சி சொல்லுவா. அதற்கு அடுத்த கிழமையும் அந்தக் கிழவர் தேனோடு வந்து அதே திண்ணையில் இருந்தார். எப்படி வந்தார், எப்படி இவர் முகம் கொடுத்தார் என்று யோசித்தால் இரண்டு பேரையும் எனக்கு இப்போதும் பிடிபடுவதில்லை. ஒரு கட்டத்தில் அவர் வருவது நின்றுபோனது. நாங்களும் தேனைக் கடையில் வாங்கப் பழகிக்கொண்டோம். வன்னியான் என்ற சொல்லை யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களைப் பார்த்துச் சொன்னார்கள். நாங்கள் அதை அவருடைய பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னோம்.

இனி, கங்காணி. அவர் ஒருநாளும் கங்காணியாக இருந்தவரல்ல. தேயிலை மலையில் கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் நின்ற மனிதர், 1958 கலவரத்துக்குப் பிறகு பெண்சாதி பிள்ளைகளோடு வந்து பன்னங்கண்டிப் பக்கம் இறங்கினார். அப்பு வைத்த பகிடிப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. எங்களுக்கு ஊரில் உள்ள எந்தப் பெரியவரும் அண்ணை, மாமா, அம்மான், பெரியையா. இவர் மட்டும் கங்காணி. ஆறு வயதில் நான் அவரை "நீ" என்று கூப்பிட்டேன், யாரும் திருத்தவில்லை. அவர் என்னைச் "சின்னையா" என்பார். 1948இல் குடியுரிமை பறித்த சட்டத்தோடு அவர் எந்த நாட்டு மனிதரும் இல்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தபோது, தன்னை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதினார்கள் என்று கேட்டுச் சொல்லும்படி அப்புவிடம் வந்து நின்றார். அப்பு, "நீ இஞ்சதான் கங்காணி, என்ர காணியில நிக்கிற வரைக்கும் ஆர் உன்னைக் கேக்கிறது?" என்றார். நிழலும் கொடுத்து, கயிறும் போட்ட பேச்சு அது.

மேட்டுக்காணிக்குப் பின்னால் காடு இருந்தது. பெர்மிட்டில் இல்லாத காடு. அதில் நாலு ஏக்கரை வெட்டிப் பிடிப்பது என்று அப்பு முடிவெடுத்தார். எல்லாரும் அப்படிப் பிடித்தார்கள். வெட்டினது கங்காணியும் அவருடைய பெண்சாதியும் இரண்டு மூத்த பெடியளும். "வெட்டி முடி, கடைசித் துண்டு உனக்கு" என்று சொன்னது திண்ணையில், நான் பார்க்க. இரண்டு கோடை போனது. பாலை மரங்களை மட்டும் விடச்சொல்லி அந்த அம்மா கெஞ்சிக் கேட்டு, மூன்று மரம் தப்பியது. ஆனி ஆடியில் அந்த மூன்றும் பழுத்து மஞ்சளாக நிற்கும். பழம் தின்றால் உதடு பால் பிடித்து ஒட்டும். தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு தின்ன வேண்டும் என்று காட்டித் தந்தது அவவுடைய கடைசி மகன். என்னுடைய வயது. பள்ளிக்கூடம் எனக்கு, மாடு அவனுக்கு.

1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தினார்களே, பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். விசுவமடு, முத்தையன்கட்டு என்று படித்த வாலிபர் திட்டங்களில் எங்கும் மிளகாய், நீர் இறைக்கிற மெசின்களின் டக் டக் சத்தம், றேடியோவில் இலங்கை வானொலி, சந்திக்குச் சந்தி தேத்தண்ணிக் கடை. மாசி பங்குனியில் எந்த முற்றத்தைப் பார்த்தாலும் சிவப்பு. வீதியால் சைக்கிளில் போனாலே தும்மல் வரும். அந்த நாலு ஏக்கரில் மிளகாய் போட்டார்கள். பழம் ஆய்வது பெண்களும் சின்னப் பிள்ளைகளும், சாக்குக் கணக்கில் கூலி. பின்னேரம் அந்தப் பிள்ளைகள் வாய்க்காலில் முழங்கை வரைக்கும் கையை விட்டுக்கொண்டு வரிசையாகக் குந்தியிருக்கும். எரிவு அப்படியும் அடங்காது என்றபடியால் ஆச்சி மோர்ப்பானையைக் கொண்டுபோய் வைப்பா. கூலியைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லி அப்புவிடம் அவ கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. மோர் கொடுத்தா.

மலையில் பஞ்சம் என்று 1973, 74இல் இன்னும் சனம் வந்தது. எலும்பும் தோலுமாக வந்த குடும்பங்களைப் பார்த்து எங்கள் ஆட்கள் இரங்கினதும் உண்மை, கூலி இறங்கினதை எண்ணி மகிழ்ந்ததும் உண்மை. 1977 கலவரத்துக்குப் பிறகு லொறி லொறியாக வந்தார்கள். காந்தியம் அமைப்பைத் தொடங்கின டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் அவர்களைக் குடியேற்றப் பாடுபட்டார்கள். இரண்டு பேரையும் 1983இல் பிடித்து அடைத்தார்கள். டொக்டர் வெலிக்கடையில் கொல்லப்பட்டார். எங்கள் வாய்க்கால் கரையில் அந்தச் செய்தி வந்த அன்று, கங்காணி வேலைக்கு வரவில்லை. அவர் சொல்லாமல் நின்றது அந்த ஒரு நாள்தான் என்று அப்பு பிறகு சொன்னார். குரலில் கோபம் இருந்தது, ஆச்சரியமும் இருந்தது.

மிளகாய்க் காசு வன்னியில் தங்கவில்லை. வலிகாமத்தில் அப்புவின் ஆறு சகோதரப் பங்கில் ஐந்து பங்கை அவரே வாங்கினார். கல்வீடு எழும்பியது. சின்ன மாமிக்குக் கொழும்பில் உத்தியோக மாப்பிள்ளை வந்தது. முப்பது வருடம் வன்னித் தண்ணீர் குடித்தும், சாமானைக் கட்டிக்கொண்டு யாழ்தேவிக்கு நிற்கும்போது அப்பு "ஊருக்குப் போறன்" என்றுதான் சொல்லுவார். கடைசியில் ஊரோடு போய்விட்டவர், சாவதற்கு மட்டும் வன்னிக்கு வந்தார். அதுவும் புளியம்பொக்கணைப் பங்குனித் திருவிழா பார்க்க வந்த இடத்தில். வண்டில் கட்டிக்கொண்டு இரவிரவாகப் போவோமே, வழியெல்லாம் மாட்டு மணியும் பந்த வெளிச்சமும், அந்தத் திருவிழா. திரும்பி வந்து திண்ணையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. பாடை கட்டத் தடி வெட்டினவர் கங்காணி. சுடலை வரைக்கும் பின்னால் வந்து, எங்கள் ஆட்களிடமிருந்து பத்தடி தள்ளி நின்றார்.

அந்த நாலு ஏக்கருக்கு ஒருகட்டத்தில் அரசாங்கம் பத்திரம் கொடுத்தது. சித்தப்பாவின் பெயரில் எழுதினார்கள். கடைசித் துண்டும் அதற்குள் போயிற்று. "இருக்கிறபடி இருக்கட்டும், ஆர் எழுப்பப் போறது?" என்று சொல்லி, கங்காணி குடும்பம் கொட்டில் போட்டிருந்த மூலையை யாரும் தொடவில்லை. அப்புவைப் பற்றிக் கேட்டால் அந்தக் குடும்பம் இன்றைக்கும் கெட்டது சொல்லாது. பசி கிடக்க விடவில்லை, பெண் பிள்ளைகளைக் கௌரவமாக நடத்தினார், காய்ச்சலுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினார் என்று சொல்லும். எல்லாம் நடந்ததுதான். காணி தராததும் நடந்ததுதான். ஒன்றைக் காட்டி மற்றதைக் கழுவுகிற வேலையை எங்கள் குடும்பம் நல்லாகவே செய்துவந்திருக்கிறது. காடு வெட்டிக் களனியாக்கின சந்ததி என்று வெளிநாட்டில் மலர் போட்டு, முகப்பில் அப்புவின் படமும் போட்டிருக்கிறோம். நானும் அதற்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். நல்ல கட்டுரைதான், பாதிக் கதை.

பிறகு சண்டை. அதை நான் இங்கே எழுதவில்லை. 1996இலும், 2008-09இலும் கிளிநொச்சி வெறுமையானது உங்கள் எல்லாருக்கும் தெரியும். சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் அதற்கெல்லாம் முதலே கனடா, இலண்டன் என்று போய்விட்டோம். தங்கி நின்று, இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து பற்றையை வெட்டினவர்கள் யார் என்று பார்த்தால், பாரதிபுரம், மலையாளபுரம், பன்னங்கண்டி என்று கங்காணிமாரின் பிள்ளைகள்தான் அதில் எத்தனையோ பேர். எங்கள் எல்லைக்குக் கதியால் போட்டு, இது இன்னாருடைய காணி என்று கிராம சேவையாளரிடம் சொல்லி, பிறத்தியார் பிடிக்காமல் பார்த்துத் தந்ததும் அந்தக் கடைசி மகன்தான்.

நான் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கறுத்தக்கொழும்பான் பட்டுவிட்டது. தென்னைகளுக்கு வட்டு இல்லை. பனைகள் நின்றன. அவற்றின் அடியில் இரண்டு கருங்கல்லைத் தேடினேன், பற்றை மூடியிருந்தது. பாலை மூன்றில் ஒன்றும் இல்லை.  மெசின் அறுவடை என்றபடியால் சூடும் இல்லை, களமும் இல்லை, பொலி என்ற சொல்லுக்கும் வேலையில்லை. சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று சண்டை பிடிப்பவர்களில் பாதிப்பேர் பங்கைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து போகிறவர்கள். குளத்துக்குக் கிட்ட இருக்கிற மேட்டு நிலத்துச் சனத்துக்கு வாய்க்கால் இல்லை. தண்ணீர் அவர்களைக் கடந்து போகிறது.

கடைசி மகனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. கைவிரல்கள் விறைத்து மடங்காமல் இருக்கின்றன. "சின்னையா" என்று கூப்பிட்டவர், நான் வேண்டாம் என்றதும் கொஞ்சம் யோசித்து "அண்ணே" என்றார். நான் அவரைத் "தம்பி" என்று சொல்ல முடியாமல், வேறு ஒன்றும் வராமல், பெயர் சொல்லியே கூப்பிட்டேன். தேத்தண்ணி வந்தது. கலவோட்டில் வறுத்த கச்சான் வந்தது. பன்னங்கண்டியில் 2017இல் காணி கேட்டுச் சனம் தெருவோரத்தில் குந்தியிருந்ததையும், தான் அதில் போய் இருந்ததையும் சொன்னார். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார். பத்திரம் சித்தப்பாவின் பெயரில் இருக்கிறது, அவர் விற்கப்போகிறாராம், தரகர் வந்து அளந்துவிட்டுப் போனான். "காணியக் கேக்கலண்ணே. அது ஒங்க சித்தப்பா கையில. நீங்க எழுதுறவுங்க. இந்தக் காட்ட எங்கப்பாவும் அம்மாவும் வெட்டுனாங்க, ஐயா தர்றேன்னு சொன்னாங்க, நாங்க அப்ப இருந்து இங்கதான் இருக்கோம்னு ஒரு கடுதாசி எழுதித் தாங்க. செயலகத்துல குடுக்கணும்."

அன்றைக்கு இரவே எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. யார் வெட்டினார்கள், எந்தக் காலத்தில், என்ன சொல்லி வெட்டினார்கள், அந்தச் சொல்லைக் கேட்டவன் நான் என்று. ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பாவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவர் விடிய முன்னமே தொலைபேசி எடுத்துவிட்டார். "அப்புவைக் கள்ளன் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறாய்" என்றார். கள்ளன் என்று அதில் எங்கும் இல்லை என்றேன். "ஊரில எல்லாரும் அப்பிடித்தானே பிடிச்சவை, எங்கட அப்பு மட்டுமோ?" ஓம், எல்லாரும்தான் என்றேன். கன நேரம் பேசினோம். அவர் அழுதார், நானும் கொஞ்சம். ஆச்சியின் மோர்ப்பானை பற்றி அவருக்கும் ஞாபகம் இருந்தது. காணியைப் பற்றி ஒரு முடிவும் வரவில்லை. ஆவணியில் நல்லூருக்கு வருகிறாராம், வந்து நேரில் பேசலாம் என்றார். தரகரை அதுவரைக்கும் நிற்கச் சொல்லியிருக்கிறார். கடிதம் செயலகத்தில் பதிவாகி, அதற்கு ஒரு இலக்கமும் விழுந்துவிட்டது.